குச்சியா, பெட்டியா?

அன்புள்ள மருமகளுக்கு,

தேனி ஹாஸ்டலுக்குக் கையோடு எடுத்துப்போக 'யூவி சானிடைசர்' ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அம்மா சொன்னதாகவும், டார்ச் மாதிரி கையில் பிடிக்கும் குச்சியா, மேசைமேல் வைக்கும் பெட்டியா என்று முடிவுக்கு வர முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அம்மாவின் பணம், விடியுமுன் கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போய், ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து பழம் பறித்துச் சேர்த்தது. வாங்குமுன் அந்தச் சாமான் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

யூவி என்கிற புற ஊதாக் கதிரில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன் 'சி'. இதன் அலைநீளம் 200 முதல் 280 நானோமீட்டர் வரை. சூரியனிலிருந்து இது புறப்படத்தான் செய்கிறது. ஆனால் வளிமண்டலத்திலுள்ள ஓசோன் இதை முழுவதும் உறிஞ்சிவிடுவதால் தரைக்கு வந்து சேர்வதில்லை. அதனால் விளக்கு வைத்துத்தான் உண்டாக்க வேண்டும். பாதரச ஆவி விளக்கிலிருந்து 253.7 நானோமீட்டரில் இது கிடைக்கும். இப்போது இதற்கென்றே எல்.இ.டி.க்களும் வந்துவிட்டன. இந்தக் கதிர் பட்டதும் கிருமியின் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் அந்தக் கிருமியால் பெருக முடியாது.

சங்கதி ஒன்றும் புதிதில்லை. சூரிய ஒளிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் உண்டு என்று 1877இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் காட்டினார்கள். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903இல் நோபல் பரிசு பெற்றார். 1910இல் பிரான்சின் மார்செய் நகரில் குடிநீரைச் சுத்தப்படுத்தப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இன்றைக்கு நம் ஊர் வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்கும் வாட்டர் ப்யூரிஃபையருக்குள் எரிவதும் இதே விளக்குத்தான். ஆக, கதிர் வேலை செய்யுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு கதிர், எவ்வளவு நேரம், எங்கெல்லாம் படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிவாட் வலுவுள்ள கதிர் ஒரு விநாடி பட்டால், அந்த இடத்துக்குக் கிடைப்பது ஒரு மில்லிஜூல். 2020இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கொரோனா வைரஸை வைத்துச் சோதித்தார்கள். 5 மில்லிஜூலில் 99 சதவீதம் செயலிழந்தது. 22 மில்லிஜூலில் 99.9999 சதவீதம். அந்த விளக்கின் வலுவுக்கு முதல் அளவை எட்ட 6 விநாடியும், இரண்டாவதை எட்ட 25 விநாடியும் ஆயின. விளம்பரத்தில் '99%' என்று பார்த்தால் மயங்கிவிடாதே. பத்து லட்சம் கிருமியில் 99 சதவீதம் போனாலும் பத்தாயிரம் மிச்சம் இருக்கும், 99.99 சதவீதம் போனால் நூறுதான் மிச்சம். எல்லாக் கிருமியும் ஒரே அளவில் சாகாது என்பதையும் சேர்த்துக்கொள். கரும்பூஞ்சையின் வித்துக்கு நூறு மில்லிஜூலுக்கு மேல் வேண்டும்.

இப்போது குச்சியை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குல உயரத்தில் அது ஒரு மில்லிவாட் தருகிறது என்றும், ஒரு நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குக் கதிர் அடிக்கிறது என்றும் வைத்துக்கொள். செல்போனின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். விளம்பரத்தில் வரும் பெண் சிரித்துக்கொண்டே மூன்று விநாடியில் அதன்மேல் குச்சியை ஓட்டிவிடுகிறாள். அப்படிச் செய்தால் ஓரிடத்துக்குக் கிடைப்பது 0.6 மில்லிஜூல். பாஸ்டனில் பார்த்த 22ஐ எட்ட வேண்டுமானால் ஒவ்வோர் இடத்திலும் 22 விநாடி கையை அசைக்காமல் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. கை அசந்து கொஞ்சம் உயர்ந்தால் கதிரின் வலு சடாரென்று இறங்கும். சிறிய எல்.இ.டி.யாக இருந்தால், தூரம் இரண்டு மடங்கானதும் வலு நாலில் ஒரு பங்காகிவிடும். தினமும் நாலு நிமிடம் கை நடுங்காமல் பிடித்து நிற்கப் போகிறவர் யார்?

பெட்டியில் இந்தத் தொல்லை இல்லை. விளக்கு ஓரிடத்தில் நிற்கிறது, தூரம் மாறாது, நேரத்தை டைமர் பார்த்துக்கொள்கிறது. உள்ளே அலுமினியம் பதித்திருந்தால் கதிரை நன்றாகத் திருப்பி அடிக்கும். எவர்சில்வர் அந்த அளவுக்குத் திருப்பாது. மேலும் கீழும் விளக்கு இருந்து, சாமானைக் கம்பி வலைத் தட்டில் வைக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

பெட்டியிலும் தீராத ஒரு குறை உண்டு: நிழல். இந்தக் கதிர் நேராகத்தான் போகும். சாதாரணக் கண்ணாடியைக்கூடத் தாண்டாது; பெரும்பாலான பிளாஸ்டிக்கையும் ஊடுருவாது. போனை உறையோடு வைத்தால் உறைதான் சுத்தமாகும்.

கொரோனா முதல் அலையின்போது, 2020 மே மாதத்தில், நம் நாட்டு ராணுவ ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஹைதராபாத் இமாரத் ஆய்வு மையம் இரண்டு கருவிகளை வெளியிட்டது. 'ட்ருவ்ஸ்' என்ற பெட்டி செல்போன், லேப்டாப் போன்றவற்றுக்கானது. கை படாமல் தானே திறந்து மூடும் இழுப்பறைக்குள் சாமானை வைத்தால், எல்லாப் பக்கமிருந்தும் கதிர் அடிக்கும். ரூபாய் நோட்டுக்கு மட்டும் 'நோட்ஸ்கிளீன்' என்று தனிக் கருவி செய்தார்கள். அதில் நோட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து, வரிசையான விளக்குகளுக்கு நடுவே ஓடவிட்டார்கள். கட்டாக வைத்தால் மேல் நோட்டின் நிழலில் கீழ் நோட்டு தப்பிவிடும் என்பதுதான் காரணம்.

அந்த நிழலை உன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா? கம்பத்திலோ சின்னமனூரிலோ சலூனுக்குத் தம்பியோடு போகும்போது, கண்ணாடிக்குப் பக்கத்தில் நீலமாக எரியும் ஸ்டெரிலைசர் பெட்டிக்குள் எட்டிப் பார். ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து சீப்பு கிடக்கும். அடிச்சீப்பின் பற்களுக்கிடையே எண்ணெயும் முடியும் அப்பியிருக்கும். அந்த அழுக்குக்குப் பின்னால் இருக்கும் கிருமிக்கு விளக்கு எரிவதே தெரியாது. சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனித்தனியாகப் பரப்பி வைத்தால் அதே பெட்டி ஒழுங்காக வேலை செய்யும். சவரக் கத்திக்கு இந்தப் பெட்டியை நம்பக் கூடாது. கண்ணெதிரே புது பிளேடை ஒடித்து மாட்டச் சொல்ல வேண்டும். பல் டாக்டரிடமும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஆனால் அவர் கருவிகளைக் கிருமி நீக்குவது ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில். அதன்பின் எடுத்து வைக்கத்தான் யூவி பெட்டி.

பயப்பட வேண்டியது கண்ணுக்கும் தோலுக்கும். வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் வேடிக்கை பார்த்த பையன் ராத்திரி முழுக்கக் கண்ணில் மண் விழுந்தமாதிரி உறுத்துகிறது என்று அழுவதைக் கேட்டிருப்பாய். யூவி-சி பட்டாலும் அதே கதிதான். படும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி எடுக்கும். விளக்கால் கையையோ தோலையோ சுத்தப்படுத்த வேண்டாம் என்று 2020லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. 2022இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சில குச்சிகளைச் சோதித்துவிட்டு, அவை ஆபத்தான அளவுக்குக் கதிரை உமிழ்வதாகப் பெயர் சொல்லியே எச்சரித்தது. ஆக, வலுவில்லாத குச்சியால் பயனில்லை. வலுவான குச்சி, நாலு பேர் படுத்திருக்கும் ஹாஸ்டல் அறையில் ஆபத்து. மூடிய பெட்டியில் கதிர் வெளியே வராது. கதவைத் திறந்தவுடன் விளக்கு அணைகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

போலியும் நிறைய. பளிச்சென்று ஊதா நிறத்தில் ஒளிர்ந்தால் அது நல்ல யூவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் யூவி-சி கண்ணுக்குத் தெரியாது. பாதரச விளக்கில் மங்கலான நீலம் தெரிவது கூடவே வரும் வேறு ஒளி. பெட்டியின் மேல் 395 அல்லது 405 நானோமீட்டர் என்று போட்டிருந்தால், அது ஜவுளிக்கடைக் கல்லாவில் கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்குக்குப் பங்காளி. நீ நினைக்கும் வேலைக்கு உதவாது. 253.7 என்றோ, எல்.இ.டி.யாக இருந்தால் 260க்கும் 280க்கும் இடைப்பட்ட எண் என்றோ இருக்க வேண்டும். எந்தக் கிருமி, எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று சொல்லும் ஆய்வக அறிக்கையையும் கேள். யூவி கருவிகளைப் பற்றி ஆதாரமில்லாமல் அளந்த இரண்டு நிறுவனங்கள்மேல் 2015இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இந்த வியாபாரத்தில் வாய்ச்சவடால் கொரோனாவுக்கு முந்தியது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏலத்தோட்டத்திலும் பன்னீர் திராட்சைப் பந்தலிலும் மருந்தடிக்கிறார்கள். தோட்டத்திலிருந்து திரும்பும் அம்மாவின் போனிலும் தூக்குவாளியிலும் மண்ணும் மருந்தும் ஒட்டியிருக்கலாம். யூவி பெட்டி கிருமியைக் கொல்லுமே தவிர, மருந்தைக் கழுவாது. அதற்குச் சோப்பும் தண்ணீரும் ஈரத்துணியும்தான் வழி.

ஒவ்வொரு சாமானாகப் பார்ப்போம். போனுக்கு, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வைப்ஸால் மெதுவாகத் துடைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2020இல் சொன்னது. மூக்குக் கண்ணாடியைக் குழாயில் காட்டிச் சோப்புப் போட்டால் போதும்; அடிக்கடி யூவியில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் நிறம் மங்கும். டூத் பிரஷ்ஷுக்கு இதெல்லாம் தேவையில்லை. அலசி, நிமிர்த்தி வைத்து, காற்றில் காயவிட்டு, மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை மாற்று. அண்ணியின் குழந்தைக்கான பால் புட்டியைக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட வேண்டும். தண்ணீர் படக் கூடாத இயர்பட்ஸ், சாவி, வாட்ச், பலர் கைமாறும் கால்குலேட்டர் போன்றவற்றுக்குத்தான் பெட்டி உண்மையில் கைகொடுக்கும். அவற்றையும் முதலில் துடைத்துவிட்டே வைக்க வேண்டும்.

பாதரசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஒன்று, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே வந்த விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. அதை ஒட்டிய பாம்பார் சோலையின் தண்ணீர்தான் கும்பக்கரை வழியாக நம் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஒரு யூவி விளக்கில் இருப்பது சில மில்லிகிராம்தான். ஆனாலும் உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. ஜன்னலைத் திறந்து, கெட்டி அட்டையாலும் ஒட்டு டேப்பாலும் சில்லுகளை எடுத்து, மூடி போட்ட டப்பாவில் அடைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

என் முடிவைக் கேட்டால், குச்சி வேண்டவே வேண்டாம். பெட்டி வாங்கலாம், ஆனால் உனக்கு ஒருத்திக்காக வேண்டாம். அறையில் நாலு பேரும் பங்கு போட்டு, கதவு திறந்தால் அணையும், அலைநீளம் அச்சிட்ட, மாற்று விளக்கு கிடைக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பங்கு சேராவிட்டால் ஒரு பாட்டில் ஆல்கஹால், இரண்டு மெல்லிய துணி, ஒரு சோப்பு போதும். மிச்சப் பணத்தை அம்மாவிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
மாமா