வழியில் சந்திக்கிற தேவன்

வேதபகுதி: ஆதியாகமம் 28:10-22, 33:18-20



இந்த மாதம் நாம் படிக்கப்போகிற பாடத்திற்கு முன்னால் என்னுடைய தவறு ஒன்றை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

நர்ஸிங் முடித்த என் மகளுக்கு டெல்லியில் ஒரு வேலை கிடைத்தது. நான் விடவில்லை. "ஊரு தெரியாது, பாஷை தெரியாது. சபைய விட்டு தூரமா போனா பிள்ள கெட்டுப்போவா" என்று சொல்லிவிட்டேன். அதை விசுவாசம் என்றுதான் நினைத்தேன். மறுவருஷம் இன்னொரு அழைப்பு வந்தபோது என் மனைவி கேட்டாள்: "நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற தேவன் டெல்லியில இல்லையா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் என்னை ஆதியாகமம் 28-ம் அதிகாரத்திற்குக் கொண்டுபோனது.

1. அப்பாவின் தேவன், என் தேவன்

யாக்கோபு ஜெபவீட்டில் பிறந்தவன். தாத்தா ஆபிரகாம், தகப்பன் ஈசாக்கு. பலிபீடம் என்ன என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஈசாக்கின் கூடாரத்தில் இருந்த நாளெல்லாம் தேவன் அவனோடு பேசியதாக வேதத்தில் இல்லை. பெயெர்செபாவை விட்டுப் புறப்பட்டு, லூஸ் என்கிற இடத்தில், கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த இராத்திரியில்தான் தேவன் பேசினார். தேவன் இங்கே இருக்கிறார், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று அவன் பயந்து எழுந்தான்.

அதற்குப்பின் 20 வருஷம் லாபானிடத்தில் பகல் வெயிலும் இராக்குளிரும். கூலியைப் பத்துமுறை மாற்றினான் மாமன். ஏமாற்றிப் பழகினவன் ஏமாற்றப்பட்டுக் கற்றுக்கொண்டான். திரும்பி வந்து சீகேம் அருகே பலிபீடம் கட்டினபோது, கர்த்தர் கொடுத்த தன் புதிய பெயரைச் சேர்த்து, இஸ்ரவேலின் தேவன் என்று அதற்குப் பேரிட்டான் (33:20). தாத்தாவின் தேவன், அப்பாவின் தேவன், இப்போது அவனுடைய தேவனும் ஆனார். இந்த மாற்றத்திற்கு ஒரு பிரயாணம் தேவைப்பட்டது.

2. நம் பக்கத்து மயிலாடியின் சாட்சி

வேதாகம காலத்தில் மட்டும்தானா? நம் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து மயிலாடியைப் பாருங்கள். மகாராசன் என்பவர் சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலம். அவர் தேடிப்போனது ஒன்று, கண்டடைந்தது வேறொன்று. அந்தப் பிரயாணத்தில் தஞ்சாவூரில் மிஷனரி கோலாப் ஐயர் மூலமாகச் சுவிசேஷத்தைக் கேட்டார். 1799-ல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டால் அவருக்குச் சுகம்தான். அங்கே சபை இருந்தது, போதகர் இருந்தார். ஆனால் அவர் மயிலாடிக்குத் திரும்பினார். இங்கே சபையும் இல்லை, போதகரும் இல்லை. சாதியின் பேரால் நசுக்கப்பட்ட ஜனம், எதிர்ப்பும் வந்தது. தன் வீட்டாருக்கும் உறவினருக்கும் தனக்குத் தெரிந்த இயேசுவைச் சொன்னார். உபதேசிக்க ஒருவர் வரவேண்டும் என்று வருஷக்கணக்காய்க் காத்திருந்தார்கள். 1806 ஏப்ரலில் ஜெர்மானியரான ரிங்கல்தௌபே ஐயர் நம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. 1816-ல் ஐயர் உடல்நலம் குன்றிப் போய்விட்டார். 1818-ல் மீட் ஐயர் வரும்வரை சபைகளைத் தாங்கி நின்றவர் வேதமாணிக்கமே.

பிரியமானவர்களே, நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற கணவாய் இது! ஒருவர் வெளியே போய்ப் பெற்றுக்கொண்டதும், இன்னொருவர் தன் தேசத்தை விட்டு வந்து கொடுத்ததும் சேர்ந்துதான் இந்தப் பக்கத்தில் சுவிசேஷம் வேர்பிடித்தது.

3. எல்லாப் பிரயாணமும் வளர்ச்சி அல்ல

லூக்கா 15-ல் இளைய குமாரனும் தூரதேசம் போனான். தூரம் அவனை வளர்க்கவில்லை. பஞ்சம் வந்து, புத்தி தெளிந்து, தகப்பனை நினைத்தபோதுதான் வளர்ந்தான். யோனா கப்பல் ஏறினது தேவனை விட்டு ஓடுவதற்கு. ஆகவே, எவ்வளவு தூரம் போனோம் என்பதல்ல, வழியில் யாருக்குச் செவிகொடுத்தோம் என்பதே காரியம். பவுல் அப்போஸ்தலனைப் பாருங்கள். பிரயாணங்களில் பட்ட மோசங்களை 2 கொரிந்தியர் 11:26-ல் வரிசையாக எழுதுகிறார். பிலிப்பியர் 4:11-ல், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்லுகிறார். பிறக்கும்போதே வந்த குணம் அல்ல, கற்றுக்கொண்டது! அந்தப் பாடத்திற்குப் பள்ளிக்கூடம் பாடுகள் நிறைந்த வழிதான்.

முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்புகிறது. முகத்தைத் திருப்பினால்தான் கரண்ட் கிடைக்கும்.

4. இன்று நாம் செய்யவேண்டியது

என் மகளை அனுப்பினேன். முதல் மாதமே அவளுக்கு டைபாய்டு. ஹாஸ்டலில் தனியாகக் கிடந்தாள். பக்கத்து அறையிலிருந்த ஒரு மலையாளச் சகோதரி கஞ்சி வைத்துக்கொடுத்தாள். நான் பதறிப்போய், "மக்ளே, திரும்பி வந்துரு" என்றேன். அவள், "வேண்டாம் அப்பா. வீட்டுல நீங்க ஜெபிப்பீங்க, நான் ஆமென் சொல்லுவேன். இங்க ராத்திரி நானே ஜெபிச்சேன். கர்த்தர் கேட்டார்" என்றாள். போனை வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். பிள்ளை கெட்டுப்போவாள் என்று பயந்தேனே, பிள்ளைக்கு அவளுடைய பெத்தேல் கிடைத்திருக்கிறது!

பெற்றோரே, பிள்ளைகளை ஜெபத்தோடு அனுப்புங்கள். அனுப்பினபின் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்காமல், "கர்த்தர் உன்னோட என்ன பேசினார்" என்றும் கேளுங்கள். வாலிபரே, போகிற ஊரில் முதல் வாரமே ஒரு சபையைத் தேடிப்பிடியுங்கள். அந்த ஊர் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள். உதவிசெய்கிற அந்நியனை அற்பமாய் எண்ணாதிருங்கள். திரும்பி வரும்போது பெட்டியில் சாமான் மட்டும் கொண்டுவராமல், வேதமாணிக்கத்தைப்போல ஒரு சாட்சியும் கொண்டுவாருங்கள். எங்கும் போகமுடியாத முதியவர்களும் வியாதியஸ்தரும் சோர்ந்துபோகவேண்டாம். வெளியே போனவர்களின் பெயர்களை எழுதிவைத்துத் தினமும் ஜெபியுங்கள். அவர்களுடைய பிரயாணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இந்த வாரக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள்: தேவன் என் அப்பா அம்மாவின் தேவன்தானா, என் தேவனும் ஆனாரா? அது எந்த வழியில், எந்த இராத்திரியில் நடந்தது?

போக்கிலும் வரத்திலும் கர்த்தர் தாமே உங்களைக் காத்து, நீங்கள் புறப்பட்டதைப் பார்க்கிலும் பலமுள்ளவர்களாய்த் திரும்பிவரச் செய்வாராக. ஆமென். அல்லேலூயா!