மழைக்கு முன் மண்ணைக் கொடுத்துவிடுங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை மண் காயாது. பரிசோதனைக்கு மண் மாதிரி எடுக்க இதுவே நேரம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களின் தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த ஊர் மண்ணே அல்ல. மனையை மேடாக்க லாரியில் வந்த சவுடு. அதன்மேல் கொத்தனார் கலவை குழைத்த இடம், டைல்ஸ் வெட்டிய தூள், செங்கல் உடைசல். சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். கார அமில நிலை 8-ஐத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்காது. செம்பருத்தித் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைக் கண்டதும் டிஏபியை அள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம். அதிலுள்ள மணிச்சத்து மிஞ்சினால் இரும்பு இன்னும் முடங்கும். முட்டை ஓடும் சுண்ணாம்புதான். முடிவு வரும்வரை அதையும் நிறுத்துங்கள். அவசரத்துக்கு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.

மாதிரிக்கு, சருகை ஒதுக்கி 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பக்கச் சரிவை மேலிருந்து கீழாக மரக்குச்சியால் சீவி எடுங்கள். துருப்பிடித்த கரண்டி இரும்புக் கணக்கைக் கெடுக்கும். ஐந்தாறு இடத்து மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்து, நிழலில் உலர்த்துங்கள். எருக்குழி, மரநிழல், அண்மையில் உரமிட்ட பாத்தி வேண்டாம்.

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்துக் கொடுக்கலாம். காஞ்சிபுரத்தில் மண் பரிசோதனை நிலையமும் உண்டு. 2015-இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைக் காட்டும். கார அமில நிலையையும் கரிமச்சத்தையும் முதலில் பாருங்கள், தழை மணி சாம்பல் அப்புறம். ஜிப்சம் போடச் சொன்னால் மட்டும் போடுங்கள். அது சோடியம் மிகுந்த களருக்கான மருந்து, சிமென்ட் சுண்ணாம்புக்கு உதவாது.

பாலித்தீன் போர்த்திய பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் உப்பைக் கழுவ மழையை நம்ப வேண்டாம். உள்ளே மழை இறங்காது; சொட்டுநீரில் விட்ட உரமும் போர்வெல் உப்பும் பாத்தியிலேயே தங்கும். ஒவ்வொரு பயிர் முடிந்ததும் மின்கடத்தும் திறனைப் பாருங்கள். 1 dS/m-ஐத் தாண்டினால் அடுத்த நாற்றுக்கு முன் நல்ல தண்ணீர் கட்டி வடியவிடுங்கள்.

மண்வள அட்டையில் ஈயம், காட்மியம் வராது. பழைய பட்டறை, பெயின்ட் கொட்டிய இடம், பேட்டரி உடைத்த மனை என்றால் கன உலோகத்துக்குத் தனியாகக் கேட்டுச் சோதியுங்கள். அதுவரை கீரையை வெளிமண் நிரப்பிய தொட்டியில் மட்டும் விதையுங்கள்.