மாடி ஏறிப் பார்க்காதவருக்கு முன்பணம் வேண்டாம்

புரட்டாசி பிறந்துவிட்டது. சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மொட்டை மாடியில் நீர்க்கசிவு வேலை பார்க்க மிஞ்சியிருப்பது இந்தச் சில வாரங்கள்தான். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும் ஊர் இது. மழை பிடித்தபின் ஓதத்தைக் கண்டு பதறி ஆள் தேடுகிறவர்களில் பலர், காசையும் கொடுத்துவிட்டு ஓதத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. கார்த்திகை மழையில் படுக்கையறைக் கூரையில் தட்டளவு ஈரம் கண்டது. வாட்டர்புரூஃபிங் கான்ட்ராக்டர் ஒருவர் வந்தார். நாற்காலி மேல் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார், மாடிக்குப் போகவில்லை. மொத்தமாக 60,000 ரூபாய், பத்து வருஷ கேரண்டி, பாதி அட்வான்ஸ் என்றார். மழை சற்று விட்டிருந்த நேரத்தில் ஆட்கள் வந்து, ஈரம் காயாத தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். உள்ளே கூரைக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்கு மாடிப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கூரையில் கறை முன்னைவிட அகலமாக வந்தது. போன் செய்தால், "அது வேற இடத்துத் தண்ணி மேடம், நம்ம வேலைல குறை இல்ல" என்றார். கேரண்டி? அது பூச்சு தயாரிக்கும் கம்பெனி டப்பாவுக்குக் கொடுப்பதாம், வேலைக்கு இல்லையாம். அதன்பின் போனை எடுக்கவே இல்லை.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. தண்ணீர் வேறு இடத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கோடையில் வந்த வயதான மேஸ்திரி ஒருவர், மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கீழே ஒரு ஆளைக் கூரையைப் பார்க்கச் சொன்னார். தளமும் குழாயும் சேரும் இடத்தில் சிமென்ட் விட்டுப் போயிருந்தது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாக அடைக்க ஆன செலவு, முன்னவர் வாங்கியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பூச்சு உரிந்ததுகூட இரண்டாவது குறைதான். அந்த இடத்தை அவர் தேடவே இல்லை என்பதுதான் முதல் குறை.

ஆகவே, ஆள் பிடிப்பதற்கு முன் தண்ணீர் வரும் வழியைப் பிடியுங்கள். இந்த மாதத்து மாலை இடிமழை அதற்கு நல்ல வாய்ப்பு. மழை பெய்த சில மணி நேரத்தில் கூரை ஈரமாகி, வெயில் அடித்தால் காய்ந்துவிட்டால் மாடிதான் காரணம். மே மாதத்திலும் காயாத ஈரம் என்றால் மேல் வீட்டுக் குளியலறையையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டியையோ பார்க்க வேண்டும். தரையிலிருந்து இடுப்பளவுக்கு உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து வந்தால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஈரம். மாடியில் எத்தனை டப்பா ஊற்றினாலும் அது நிற்காது. இதைச் சொல்லாமல் மாடிப் பூச்சை விற்கிறவர்கள் உண்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் வடிகுழாயின் வாயை அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டுப் பார்க்கலாம். அங்குல உயரம் போதும். ஆர்வக்கோளாறில் தொட்டி மாதிரி நிரப்பிவிடாதீர்கள்: ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ, 600 சதுர அடி மாடிக்கு ஏறத்தாழ மூன்று டன் பாரம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், கூரைக் காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற வீடுகளிலும் இந்தச் சோதனையே கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பி வெளியே தெரிந்தால் கூப்பிட வேண்டியது கட்டடப் பொறியாளரை. பூச்சு வேலைக்காரரை அல்ல.

கான்ட்ராக்டர் வந்தால் முதலில் மாடிக்கு அழைத்துப் போங்கள். தளத்தின் வாட்டம் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே தேங்குகிறது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் உண்டா, தட்டோடுகளின் இடுக்கில் சாந்து இருக்கிறதா என்று அவரே பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

எஸ்டிமேட்டில் "வாட்டர்புரூஃபிங் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரி இருந்தால் ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி, எந்தப் பொருள், எத்தனை கோட், விரிசலை எதைக் கொண்டு அடைப்பது, மறுபடி கசிந்தால் எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பது என எல்லாம் எழுத்தில் வேண்டும். கேரண்டி வேலைக்கா, பொருளுக்கா என்பதும் அதில் இருக்கட்டும். பூச்சு டப்பாவில் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்குப் போட்டு, சீல் வைத்த டப்பாக்களை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாக்களை மாலையில் எண்ணுங்கள். சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. பணத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை முடியும்வரை நிறுத்திவையுங்கள். முணுமுணுப்பார்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர் கடைசியில் ஒப்புக்கொள்வார்.

"பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பதற்கு மயங்க வேண்டாம். நாளைக்கு வழக்கென்று வந்தால் அந்தத் தாளும், வங்கி வழியாகப் பணம் கட்டியதன் பதிவும்தான் துணை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பாருங்கள். போட்டோவும் வாட்ஸ்அப் பேச்சும் அழியாமல் இருக்கட்டும்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பகுதிகளில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு. தண்ணீர் வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் திரும்பப் போடாதீர்கள். வீட்டுக் காப்பீடு இருந்தால் கழுவித் தள்ளுவதற்கு முன் படமெடுங்கள். பாலிசியில் வெள்ளம் அடக்கமா என்பதை இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். நாள்பட்ட கசிவுக்கு வழக்கமாக இழப்பீடு கிடைக்காது. தண்ணீர் வடிந்த மறுவாரமே பட்டி, பெயின்ட் என்று வருகிறவரை நிறுத்துங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். விரிசலை அடைத்து, இரண்டு கோட் பூசி, அது நன்றாக இறுகச் சில நாள் நல்ல வெயில் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாடிக்குப் போய், வடிகுழாய் வாயில் அடைந்து கிடக்கும் சருகை முதலில் அள்ளிப் போடுங்கள்.