தூங்கித் தூங்கி வளரும் சங்கிலி

அன்புள்ள நிலா,

ஒற்றைப்படி என்னும் சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கும் பலபடி வேதியியலில் கட்டுப்பாடு என்றதும், வினையை வேகமாக ஓட்டிவிட்டு வேண்டிய இடத்தில் பிரேக் போடுவது என்று நினைத்திருப்பாய். அப்படியில்லை, சங்கிலிகளைப் பெரும்பாலான நேரம் தூங்க வைப்பதுதான் கட்டுப்பாடு. வழக்கமான முறையில் ஒரு சங்கிலி பிறந்து, ஆயிரக்கணக்கான ஒற்றைப்படிகளைக் கோத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நொடிக்குள் மடிந்துவிடும். வளரும் சங்கிலியின் முனையில் இணையில்லாத எலக்ட்ரானோடு இருக்கும் தனி உறுப்புகள் இரண்டு சந்தித்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடுவதே காரணம். வளர்ச்சியின் வேகம் தனி உறுப்புகளின் செறிவைப் பொறுத்தது. சாவின் வேகமோ அச்செறிவின் இருமடியைப் பொறுத்தது. செறிவைப் பத்தில் ஒன்றாக்கிப் பார். வளர்ச்சி பத்தில் ஒன்றாகும், சாவு நூற்றில் ஒன்றாகும். சங்கிலிகளைத் தூங்க வைத்தால் தனி உறுப்புகளின் செறிவு குறையும், முழு வித்தையும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

1995-இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் மத்யஷெவ்ஸ்கியும் வாங்கும் தாமிரத்தைக் கொண்டும், கியோட்டோவில் சவமோட்டோ குழுவினர் ருத்தேனியத்தைக் கொண்டும் தனித்தனியே இந்தத் தூங்க வைக்கும் வித்தையைச் சாதித்தார்கள். தாமிரம் சங்கிலி முனையின் ஹாலஜன் அணுவைப் பிடுங்கினால் சங்கிலி விழிக்கும். திருப்பிக் கொடுத்தால் உறங்கும். விழித்த கணத்தில் சில ஒற்றைப்படிகள் சேரும், மறுபடி தூக்கம். எல்லாச் சங்கிலிகளும் முறைவைத்து வளர்வதால் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். முனை பெரும்பாலும் சாகாததால் வேறொரு ஒற்றைப்படியை ஊற்றினால் அதே சங்கிலி தொடரும். பெயின்டில் நிறமித் துகளைப் பற்ற ஒரு பாதி, கரைப்பானில் மிதக்க மறுபாதி என்று ஒரே மூலக்கூற்றுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம்.

பிளாஸ்டிக் வாளிக்கும் பைக்கும் இதெல்லாம் எதற்கு என்பாய். தேவையே இல்லை, அங்கே மலிவுதான் முக்கியம். தாமிரம் பொருளிலேயே தங்கிவிடுமே என்ற ஆட்சேபம்தான் கனமானது. தொடக்கத்தில் சங்கிலிக்கு ஓர் அணு என்ற அளவில் தாமிரம் தேவைப்பட்டதால், கிடைத்த பலபடியில் நிறமேறியது. குடுவைக்குள் காற்று புகுந்தால் தாமிரம் ஆக்சிஜனேற்றமடைந்து கரைசல் பச்சையாகும், வினை நின்றுபோகும். 2005-க்குப் பிறகு அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கிகளைச் சேர்த்தார்கள். நெல்லிக்காயில் உள்ள அதே வைட்டமின் சி! வீணான தாமிரத்தை அது மீட்டுக் கொடுப்பதால், பத்து லட்சத்தில் சில பங்கு தாமிரமே போதுமென்றாயிற்று.

இந்தச் சங்கிலிகள் முழுக்கச் சாகாதவை அல்ல என்ற இன்னொரு மறுப்பை நானும் ஏற்கிறேன். 1956-இல் வேதியியலாளர் ஷ்வார்ட்ஸ் காட்டிய, முனையில் எதிர்மின்னேற்றம் கொண்ட எதிரயனிச் சங்கிலிகள் தாமாகச் சாவதில்லை. ஆனால் துளி ஈரமும் அவற்றைக் கொன்றுவிடும். தனி உறுப்புகள் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளும், ஆனாலும் சில செத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் பழைய கட்டுரைகளில் இச்சங்கிலிகளைக் குறிக்கும் 'உயிருள்ள' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டார்கள். குறிப்பெடுக்கும்போது அந்தக் குறியை விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் மாமா