மேடையைப் பகிர்ந்தால் எண்ணெய் போய்விடுமா?

வதந்தி இதுதான். கடலுக்குள் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி. கட்டி வைத்திருக்கும் எண்ணெய் மேடைகளைத் தனியாரும் பயன்படுத்தலாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். இனி அவர்கள் குழாயைக் கொண்டுவந்து மாட்டி, நம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவார்களாம். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடையில் கேட்டேன். தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வரும் நேரத்தில் கேட்டேன். அடையாறு குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் தீப்பொறிப் படங்களோடு வந்தது. சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. வங்கியிலும் தணிக்கைத் துறையிலும் பெரிய நாற்காலிகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். வாடகைப் பத்திரத்தில் ஒரு கமா பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இதை மட்டும் மெல்லாமல் விழுங்கி, அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடல் எண்ணெயை அளக்கும் வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் எனக்கு எரிச்சல் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்துக்கு 2025 மார்ச்சில் மக்களவை ஒப்புதல் கொடுத்த திருத்தம் அது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே மாநிலங்களவையில் நிறைவேறியிருந்தது. குத்தகைதாரர்கள் உற்பத்தி வசதிகளையும் பதப்படுத்தும் வசதிகளையும் பகிர்ந்துகொள்ள விதிகள் வகுக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தருகிறது. எந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை. எண்ணெயைப் பகிர்வது பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேடை என்றாலே கிணறு என்று பலர் நினைக்கிறார்கள். குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. கிணற்றிலிருந்து வருவது சுத்தமான எண்ணெய் அல்ல. எண்ணெய், வாயு, உப்புத் தண்ணீர், மணல் எல்லாம் சேர்ந்த கலவை. அதைப் பிரித்து, வாயுவின் ஈரத்தை எடுத்து, அழுத்தம் ஏற்றி, அளந்து, கரைக்கு அனுப்புவதுதான் உற்பத்தி மேடையின் வேலை. வயல் இளமையாக இருக்கும்போது அத்தனை இயந்திரமும் மூச்சுவிடாமல் ஓடும். வயதாக ஆக வரத்து குறையும். மேடையின் கொள்ளளவு மட்டும் அப்படியே இருக்கும். பக்கத்தில் இன்னொருவருக்குச் சின்னதாக ஒரு வயல் இருக்கலாம். தனி மேடை கட்டும் செலவை அந்த வயல் தாங்காது. அவர் கடலடியில் ஒரு குழாயை இழுத்து இந்த மேடையில் இணைக்கிறார், பதப்படுத்தித் தரக் கட்டணம் கொடுக்கிறார். தொழிலில் இதை ஹேண்ட்லிங் அக்ரிமென்ட் என்பார்கள்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு மாவு மில்லைத் தெரியும். கோதுமையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறோம், மாவோடு வருகிறோம். கூலி வாங்கியதால் மில்காரர் மாவுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. கூலி கொடுத்ததால் நாம் மில்லுக்குச் சொந்தக்காரர் ஆவதும் இல்லை. நமக்கு முன்னால் வந்தவர் மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்கும் பதில் இருக்கிறது, வருகிறேன்.

உரிமை யாருக்கு என்பதில் குழப்பமே கிடையாது. அரசியல் சாசனத்தின் 297-ஆவது பிரிவு, நம் கடலுக்கு அடியில் கிடக்கும் கனிமங்கள் யாவும் ஒன்றிய அரசைச் சேர்ந்தவை என்கிறது. எடுக்கிறவர் ஓ.என்.ஜி.சி.யானாலும் தனியாரானாலும் குத்தகையின்படி எடுத்து, ராயல்டியும் பங்கும் செலுத்துகிறார். அந்த எண்ணெய் யாருடைய மேடை வழியாகக் கரைக்கு வந்தது என்பதால் இந்தக் கணக்கு மாறாது. மெக்சிகோ வளைகுடாவில் 2007-இல் ஓடத் தொடங்கிய இன்டிபென்டன்ஸ் ஹப் என்ற மேடையைக் கவனியுங்கள். சுமார் 2,400 மீட்டர் ஆழக் கடலில் மிதந்த அது, பல நிறுவனங்களின் வாயு வயல்களுக்குச் சேவை செய்தது. மேடையின் சொந்தக்காரர்களில் 80 சதவீதம் பங்கு வைத்திருந்தது என்டர்பிரைஸ் என்ற குழாய்வழி நிறுவனம். அது வாயு எடுக்கும் நிறுவனமே அல்ல. கையாண்டதற்குக் கட்டணம் வாங்கியது, அவ்வளவுதான்.

‘பொதுச் சொத்து தனியாருக்குப் போகிறது’ என்கிறவர்கள் தப்தியைப் பார்க்கட்டும். மும்பைக்கு வடக்கே தப்தி வயலில் பி.ஜி., ரிலையன்ஸ், ஓ.என்.ஜி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டாக உற்பத்தி செய்தார்கள். வயல் வற்றியதும், செயல்முறை மேடை உள்ளிட்ட வசதிகள் 2016-இல் ஓ.என்.ஜி.சி.யின் கைக்கு வந்தன. பக்கத்திலிருந்த தன் டாமன் திட்டத்தின் வாயுவுக்கு அது அவற்றையே பயன்படுத்திக்கொண்டது. சொத்து போன திசை எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது மிளகாய்க்கு வருவோம். ‘எல்லாம் ஒரே தொட்டியில் கலந்துவிட்டால் எது யாருடையது என்று எந்த சாமி வந்து சொல்லும்?’ என்று தணிக்கை அதிகாரி ஒருவரே என்னிடம் கேட்டார். சாமி வர வேண்டாம் சார், மீட்டர் சொல்லும். ஒவ்வொரு வயலின் வரத்தும் கலப்பதற்கு முன்பே அளக்கப்படுகிறது. அவ்வப்போது ஒரு கிணற்றை மட்டும் தனியே சோதனைப் பிரிப்பானுக்குத் திருப்பி, எண்ணெய் எவ்வளவு, வாயு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிறோம். வாயுவின் கூறுகளைக் குரோமட்டோகிராஃப் பிரித்துக் காட்டுகிறது. அழுத்தம் குறையும்போது எண்ணெயிலிருந்து வாயு வெளியேறி அதன் கன அளவு சுருங்கும். அதற்கும் ஒரு காரணி உண்டு. கடைசியில் விற்பனை மீட்டர் காட்டும் மொத்தத்தை, முன்னே எடுத்த அளவுகளின் விகிதப்படி வயல்களுக்குப் பிரித்து எழுதுகிறோம். கச்சா எண்ணெய் விற்பனை மீட்டரில் கால் சதவீதப் பிழையே பெரிய விஷயம். மீட்டரைச் சரிபார்க்கும் நாளில் இரு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நிற்பார்கள், முத்திரை வைப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், பிறகு சண்டையும் போடுவார்கள். தரமும் கணக்கில் வரும். இலகுவான விலை உயர்ந்த எண்ணெயைக் கனமான எண்ணெயோடு கலந்தால், இழந்த மதிப்பு இலகு எண்ணெய்க்காரருக்கு ஈடுகட்டப்படும்.

பிழையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. எண்ணெயும் வாயுவும் தண்ணீரும் ஒன்றாக ஓடும்போதே அளக்கும் மல்ட்டிஃபேஸ் மீட்டர்கள் சில சதவீதம் தவறும். அதனால் தகராறும் வரும். ஆனால் அது தணிக்கையில் தீரும் சில சதவீதத் தகராறு. வாட்ஸ்அப்பில் வரும் கொள்ளை அல்ல.

அப்படியானால் இந்த வதந்திக்கு விதை எது? கிருஷ்ணா-கோதாவரிப் படுகைதான். அங்கே ரிலையன்ஸின் கே.ஜி.-டி6 வயலும் ஓ.என்.ஜி.சி.யின் வயல்களும் அக்கம்பக்கம். 2013 ஜூலையில், ரிலையன்ஸின் கடல் வசதிகளைப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று ஆராய இரு நிறுவனங்களும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. அதே காலகட்டத்தில்தான் தன் வயலின் வாயு கடலடிப் பாறை வழியே எல்லை தாண்டி ரிலையன்ஸ் கிணறுகளுக்குப் போகிறது என்று ஓ.என்.ஜி.சி. புகார் கிளப்பியது; 2014-இல் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. சுமார் 1,100 கோடி கன மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க ஆலோசனை நிறுவனமான டீகோலியர் அண்ட் மெக்நாட்டன் 2015-இல் அறிக்கை தந்தது. மறு ஆண்டு நீதிபதி ஏ.பி. ஷா குழு, நகர்ந்த வாயுவுக்கான ஈடு ஓ.என்.ஜி.சி.க்கு அல்ல, அரசுக்கே சேர வேண்டும் என்றது. 2018-இல் நடுவர் மன்றம் ரிலையன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

யார் சரி என்பது நீதிமன்றங்களின் பாடு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வாயு எந்த மேடையையும் பகிர்ந்துகொண்டதால் நகரவில்லை. பூமிக்கடியில் மணற்கல் தொடர்ச்சியாக இருந்ததால் நகர்ந்தது. மேடைகளைப் பகிராமலே அந்தப் புகார் எழுந்தது. ஒரே கடல், ஒரே இரண்டு நிறுவனங்கள், ஒரே ஆண்டு என்பதால் இரண்டு கதைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

மற்ற வதந்திகளை வேகமாகக் கடந்துவிடலாம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் இரவில் தெரியும் விளக்குகள் எண்ணெய் மேடைகளாம். அவை கப்பல்கள், ஐயா. துறைமுகத்தில் இடம் கிடைக்க நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன.

எண்ணூரில் வாளி வாளியாக எண்ணெய் அள்ளினோமே, மேடைகள் வந்தால் அதுதான் கதி என்கிறார்கள். 2017 ஜனவரியில் கொட்டியது இரண்டு கப்பல்கள் மோதியதால். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்தது மணலிப் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. கடல் மேடை இரண்டிலும் இல்லை.

சும்மா கிடக்கிற மேடைதானே, இலவசமாகக் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், பராமரிப்பையும் ஒருநாள் அதைப் பிரித்து அகற்றும் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொண்டால்.

இன்னொரு நம்பிக்கை தொழில்காரர்களுடையது. அவர்களையும் விட்டுவைக்க மனமில்லை. ‘ஒப்பந்தம் சரியாக இருந்தால் போதும், பகிர்வதில் ஆபத்தே இல்லை’ என்கிறார்கள். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் மாண்டார்கள். பக்கத்து மேடைகளான கிளேமோரும் டார்ட்டனும் அதோடு குழாய்களால் பிணைந்திருந்தன. பைப்பர் எரிகிறது என்று தெரிந்த பிறகும் அவை உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. டார்ட்டன் வேறொரு நிறுவனத்துடையது. அங்கிருந்து வந்த வாயுக் குழாய் வெடித்தது தீயைப் பன்மடங்காக்கியது. இணைந்த மேடைகளில் முதல் கேள்வி கட்டணம் அல்ல. ஓரிடத்தில் தீப்பிடித்தால், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்தும் அதிகாரம் எந்த ஷிஃப்ட் அதிகாரியின் கையில் இருக்கிறது? ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.

நம் கடலுக்கே வருகிறேன். காவிரிப் படுகையின் கடல் பகுதியில் பி.ஒய்-1, பி.ஒய்-3 என்று இரண்டு வயல்கள் இருக்கின்றன. பி.ஒய்-3 இலகுவான நல்ல எண்ணெய். 1997 முதல் மிதவைக் கலத்தை வைத்து உற்பத்தி நடந்தது. நடத்திய ஹார்டி நிறுவனத்தின் அலுவலகம் மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில்தான் இருந்தது, ஓ.என்.ஜி.சி.க்கு அந்த வயலில் 40 சதவீதப் பங்கு. கலத்தின் ஒப்பந்தம் முடிந்ததும் 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. அதற்கப்புறம் பத்தாண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. பி.ஒய்-1 வாயு வயலை வைத்திருப்பது எச்.ஓ.இ.சி. என்ற நிறுவனம்; அதன் அலுவலகம் ஆழ்வார்பேட்டையில். ஆளில்லா மேடை, பிள்ளைப்பெருமாள்நல்லூர் வரை கடலடிக் குழாய், கரையில் பதப்படுத்தும் ஆலை எல்லாவற்றையும் கட்டி 2009 நவம்பரில் வாயு எடுக்கத் தொடங்கினார்கள். வெடிப்புகள் ஓடிய கருங்கல் பாறைக்குள் இருந்த அந்த வாயு எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஒரு பக்கம் கரைக்கு வர வழியில்லாத எண்ணெய், இன்னொரு பக்கம் கொள்ளளவு நிரம்பாத குழாய். எச்.ஓ.இ.சி. பி.ஒய்-3-இலும் பங்குதாரர். எண்ணெயோடு வரும் வாயுவையாவது அந்தக் குழாய் ஏற்குமா, எவ்வளவு மாற்றம் தேவை என்ற கணக்கைப் பொதுவில் வைத்து வாதிட வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம். இரண்டு அலுவலகங்களுக்கும் இடையே ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது.

கடலில் துளையே போடக் கூடாது என்கிற மீனவரின் எதிர்ப்பு வேறு. அதற்கு அவருக்குக் காரணங்கள் உண்டு, நான் அதை வதந்தி என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு மேடையைச் சுற்றியும் 500 மீட்டருக்குப் படகு போகக் கூடாது. இருப்பதைப் பகிர்ந்தால், புதிதாக எழும் மேடைகளும் அவருக்கு மூடப்படும் வட்டங்களும் குறையும். அவருக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு பகிர்வதை எதிர்ப்பவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

எதிர்க்கத்தான் வேண்டுமென்றால் சரியான இடத்தில் எதிர்த்துக் கேளுங்கள். 2025 ஜூலையில் கருத்துக் கேட்பதற்காக வெளியிட்ட வரைவு விதிகளில், குத்தகைதாரர்கள் தங்களிடம் மிச்சமிருக்கும் கொள்ளளவை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த அறிவிப்பு அமைச்சக அலமாரியில் தூங்கக் கூடாது. எந்த மேடையில் எவ்வளவு இடம், பீப்பாய்க்கு என்ன கட்டணம், அளவீட்டைத் தணிக்கை செய்தது யார், அவசரத்தில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற நான்கையும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரிகளே, ஃபார்வர்டு செய்யும் விரலால் இதற்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.