டிபன் பாக்ஸில் செம்புக் கம்பி

கேள்வி: எங்கள் கம்பெனியின் கான்ட்ராக்ட் பையன், 20 வயது, டிபன் பாக்ஸில் செம்புக் கம்பித் துண்டுகளோடு கேட்டில் மாட்டிக்கொண்டான். போலீசில் கொடுப்பதா, மன்னித்து விடுவதா?
– சூப்பர்வைசர் ஒருவர், வல்லம் வடகால்

பதில்: போலீசில் கொடுத்தாலும், முதல்முறை திருடியவனை, அதுவும் முதலாளியிடமே திருடியிருந்தாலும், கண்டித்து அனுப்ப 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் கோர்ட்டுக்கு இடம் தருகிறது. 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். (நம் சென்னை மாகாணம் 1936-லேயே இப்படியொரு சட்டம் போட்டுவிட்டது, டெல்லிக்கு 22 வருஷம் பிடித்தது!) புழல் சிறையில் தண்டனைக் கைதிகளே பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள், பணமும் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களையே நம்பும்போது, முதல்முறை தவறிய இவனுக்கு ஒரு வாய்ப்பு தரலாமே.

'விட்டால் நாளைக்கு ஒவ்வொருவனும் எடுப்பான்' என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்காக செக்யூரிட்டி ரூமில் பூட்டி வைத்து நாலு சாத்து சாத்துவதும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் கூடாது. அடித்தால் நீங்கள்தான் குற்றவாளி. முறைப்படி விசாரியுங்கள், அவனைப் பேச விடுங்கள். ஆமாம், அந்தக் கம்பியை எடைபோட்டு வாங்க ஒரு காயலான் கடை காத்திருக்குமே, அதை யாராவது கேட்டீர்களா?

பொருள் திரும்பி வந்துவிட்டது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, ஸ்டோர் பக்கம் விடாமல் வேறு வேலையில் போடுங்கள். மறுபடி மாட்டினால் தாராளமாக ஸ்டேஷனுக்குப் போங்கள்.