சீரகம் என்றால் எந்தச் சீரகம்?

நாட்டு மருந்துக் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் நான். சரக்கு கேட்டு வருகிறவர்களிடம் நான் அதிகம் திருப்பிக் கேட்பது, "எந்தச் சீரகம்?" என்பதுதான்.

"காட்டுச்சீரகம் இல்லேன்னா சாதா சீரகமே குடுங்கண்ணே, எல்லாம் ஒண்ணுதானே" என்பார்கள். ஒன்றில்லை. சமையல் சீரகமும் பெருஞ்சீரகமும் (சோம்புதான்) ஒரே குடும்பம். கருஞ்சீரகம் அந்தக் குடும்பமே அல்ல. காட்டுச்சீரகமோ சூரியகாந்தியின் உறவு. கடுங்கசப்பு, பூச்சிக்கும் தோல் வியாதிக்கும் வைத்தியர்கள் எழுதுவது. கருஞ்சீரகம் மூலை மூலையாக, மங்கலான கறுப்பில் இருக்கும்; காட்டுச்சீரகம் நீளவாக்கில் வரி வரியாக இருக்கும். இந்தி வீடியோ பார்த்துவிட்டு 'காலா ஜீரா' கேட்கிறவர்கள் கவனிக்க: அங்கே அது பெரும்பாலும் மெல்லிய பழுப்பு நிற விதை ஒன்றைக் குறிக்கும். நம் கருஞ்சீரகத்துக்கு அவர்கள் சொல்வது கலோஞ்சி.

முன்னால் ஒட்டியிருக்கும் காடு, யானை, பேய், மலை எல்லாம் ரகத்தைச் சொல்வதாக நினைக்கிறோம். பல நேரம் அது வேறு செடி என்பதற்கான அடையாளம். நெருஞ்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநெருஞ்சில், யானை நெருஞ்சில் இரண்டையுமே நீர்க்கடுப்புக்குக் கொடுப்பதால் குழப்பம் கூடுதல். சிறுநெருஞ்சில் தரையோடு படரும், புளிய இலை மாதிரி சிற்றிலைகள், ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் காய்ந்தால் முள்ளோடு துண்டு துண்டாகப் பிரியும். யானை நெருஞ்சில் எள்ளின் குடும்பம். இலை சதைப்பற்றாக இருக்கும். காய் பெரிது, நான்கு பட்டை, பட்டைக்கு ஒரு முள். சந்தேகம் வந்தால் பச்சைச் செடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். யானை நெருஞ்சில் என்றால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முட்டை வெண்கருவாகக் கொழகொழத்து, ஊற்றினால் நூலாக இறங்கும். சிறுநெருஞ்சில் போட்ட தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.

கீழாநெல்லியிலும் இரண்டு உண்டு. காய்க்குக் காம்பு தெரிந்து, வழவழப்பாக இருந்தால் கீழாநெல்லி. தண்டு சிவந்து, சொரசொரப்பான காய் காம்பே தெரியாமல் ஒட்டியிருந்தால் அது இன்னொன்று.

இதெல்லாம் மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்ற அளவில் நிற்பவை. உயிரோடு விளையாடும் ஜோடிகளும் இருக்கின்றன. குரோசாணி ஓமம் என்பது ஊமத்தைக் குடும்பத்து நச்சு விதை. குழந்தைக்கு ஓமத்தண்ணீர் வைக்கும் முன் விதையை உள்ளங்கையில் கசக்குங்கள். ஓமம் என்றால் வாசனை மூக்கில் ஏறும். ஏறாவிட்டால் அடுப்பில் வைக்காதீர்கள்.

அடுத்தது ஆடாதோடையும் ஆடுதின்னாப்பாளையும். முன்னது மாவிலை போன்ற நீண்ட இலையும் வெள்ளைப் பூவும் உள்ள புதர், இருமலுக்குக் கைகண்டது. பின்னது தரையில் கிடக்கும் சாம்பல் பச்சைக் கொடி. அகன்ற இலை, குழல் போன்ற கருஞ்சிவப்புப் பூ. அதிலிருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஃபாங்ஜி என்று பெயர் முடியும் சீன மூலிகைகள் இரண்டில், ஒன்றின் இடத்தில் மற்றது போய்ச் சேர்ந்திருந்தது. அப்படிச் சேர்ந்தது ஆடுதின்னாப்பாளையின் இனம். அந்தக் காலத்தில் பூச்சிக்குக் கொடுத்தார்களே என்று பெரியவர்கள் வாதாடுவார்கள். கொடுத்தார்கள்தான். நான் கொடுப்பதில்லை.

வாங்கும்போது பொடியாக வாங்காதீர்கள். அரைத்துவிட்டால் எங்களுக்கே அடையாளம் பிடிபடாது. முழுச் சரக்காக வாங்கி, பார்த்து, முகர்ந்து, வீட்டில் இடியுங்கள். வேரா, விதையா, சமூலமா (வேரோடு முழுச் செடியா) என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் தாவரவியல் பெயரையும். ட்ரிபுலஸ் என்று எழுதியிருந்தால் சிறுநெருஞ்சில், பெடாலியம் என்றால் யானை நெருஞ்சில், பேச்சுக்கே இடமில்லை. பெயர் அரைகுறையாக இருந்தால் கடையில் நின்றபடியே வைத்தியருக்கு ஒரு போன் போடுங்கள். "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் சொன்னால், அவர் நானாகவே இருந்தாலும், வாங்காமல் திரும்பிப் போங்கள்.